சலான் சர்வரில் எட்டு நாள்: தூங்கும் இழையைக் கண்டுபிடித்த கதை

நேற்று சனிக்கிழமை. மாலை நான்கு மணி முதல் ஏழு மணி வரை, திருப்பூர் அனுப்பர்பாளையம் பக்கம் இருக்கும் ஒரு காம்பாக்டிங் யூனிட்டின் சர்வர் அறையில் உட்கார்ந்து சர்வரின் இணைப்புப் பட்டியலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 118 டி.சி. (டெலிவரி சலான்) போனது. ஒரு திரைகூட உறையவில்லை. டி.சி. திரைகள் ஏன் உறைகின்றன என்று தேடி எட்டு நாள் அலைந்த பிறகு கிடைத்த மூன்று மணி நேர அமைதி இது. எங்கெல்லாம் தவறினேன் என்பது மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். சாயம் போட்டு வந்த பின்னல் துணியைச் சுருக்கமும் அகலமும் சரிசெய்து ரோலாகச் சுற்றித் தருவது காம்பாக்டிங். ரோலை எடை போட்டு, டி.சி. என்று இங்கே எல்லோரும் சொல்லும் டெலிவரி சலானுடன் பனியன் கம்பெனிக்கு அனுப்புவார்கள். டி.சி. இல்லாமல் வண்டி கேட்டைத் தாண்டாது. சனிக்கிழமை சம்பள நாள் என்பதால் அன்று மாலைக்குள் கணக்கை முடித்தாக வேண்டும். அந்த நேரத்தில் சர்வர் நின்றால் வாசலில் குட்டி யானை வண்டிகள் வரிசை கட்டி நிற்கும்.

சர்வர் என்றாலும் சாதாரண மேசைக் கணினிதான். நினைவகம் 8 ஜிபி, உபுண்டு இயங்குதளம், மைஎஸ்க்யூஎல் 8.0 என்ற தரவுத்தள மென்பொருள். அதோடு இணைந்த கணினிகள் 14. எல்லாவற்றிலும் ஒரே நிரல். பல ஆண்டுகளுக்கு முன் கோவையிலிருந்து ஒருவர் எழுதிக் கொடுத்தது. நான் அவிநாசியிலிருந்து மாதம் இரண்டு முறை போய்ப் பராமரிக்கிறேன்.

போன சனிக்கிழமை 4:40-க்கு முதலாளி அழைத்தார். “அம்மணி, மூன்று வண்டி நிற்கிறது, ஒரு டி.சி.கூட வரவில்லை. உடனே வர முடியுமா?” அரை மணி நேரத்தில் போய்விட்டேன். சர்வருக்குள் நுழையப் பார்த்தால் பிழை 1040, இணைப்புகள் மிகுந்துவிட்டன என்று திருப்பி அனுப்பியது. மைஎஸ்க்யூஎல்லில் ஒரே நேரத்தில் அனுமதிக்கும் இணைப்புகளின் இயல்பான உச்சம் 151. அதற்கு மேல் ஒன்றை நிர்வாகிக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும். அந்த ஒன்றின் வழியாக உள்ளே போகலாம் என்று நம்பியிருந்தேன். ஆனால் இந்த நிரல் எல்லாக் கணினியிலிருந்தும் ரூட் என்ற நிர்வாகிப் பெயரிலேயே இணைகிறது. அதனால் நிர்வாகிக்கான அந்தக் கடைசி நாற்காலியிலும் ஏதோ ஒரு டி.சி. திரை ஏறி உட்கார்ந்துவிட்டது.

சர்வரை மறுதொடக்கம் செய்தேன். ஐந்து நிமிடத்தில் எல்லாம் ஓடியது, முதலாளி டீ வரவழைத்தார். என் முதல் தவறு அதுதான். மறுதொடக்கத்தோடு அத்தனை தடயமும் அழிந்துபோனது. இன்னும் பத்து நிமிடம் வண்டிகளை நிறுத்திவைத்து, ஒரு கணினியில் மட்டும் நிரலை முறைப்படி மூடி, அது விட்ட இடத்தில் நுழையப் பார்த்திருக்க வேண்டும்.

151 எப்படி நிரம்பியது என்பது பிறகு கணக்குப் போட்டபோது புரிந்தது. நிரல் ஒவ்வொரு கணினியிலும் நான்கு இணைப்புகளைத் திறக்கிறது; 14 கணினிக்கு 56. திரை உறைந்தால் பிள்ளைகள் பொத்தானை அழுத்திக் கணினியையே அணைத்து மறுபடி போடுகிறார்கள். மின்சாரம் போனாற்போல் அணைந்த கணினி விடைபெற்றுக்கொள்வதில்லை. சர்வருக்கு அது உடனே தெரிவதுமில்லை. பழைய நான்கும் அப்படியே நிற்க, புதிதாக நான்கு வரும். அன்று எட்டுக் கணினிகளை மும்மூன்று முறை அணைத்துப் போட்டதாகச் சொன்னார்கள். அதில் 96. ஆக மொத்தம் 152.

ஞாயிற்றுக்கிழமை 2,100 ரூபாய்க்கு இன்னொரு 8 ஜிபி நினைவகம் வாங்கிப் பொருத்தினேன். செலவைக் கேட்டு முதலாளி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பணம் அன்றைக்கு வீண்தான். மைஎஸ்க்யூஎல்லில் தரவைச் சேமிக்கும் பகுதி இன்னோடிபி; தரவை நினைவகத்தில் வைத்துப் புழங்க அது ஒதுக்கும் இடமான பஃபர் பூல் இயல்பாக 128 எம்பி. அதை நான் மாற்றவே இல்லை. எவ்வளவு நினைவகம் சேர்த்தாலும் தரவுத்தளம் அந்த 128 எம்பிக்குள்ளேதான் புழங்கும். வியாழக்கிழமைதான் இதைப் பார்த்து 6 ஜிபியாக உயர்த்தினேன். அறிக்கைகள் வேகமாயின, டி.சி. உறைவதில் ஒரு மாற்றமும் இல்லை.

திங்கள் மாலை மறுபடி நின்றது. செவ்வாய்க்கிழமை இணைப்பு உச்சத்தை 500 ஆக்கினேன். இது இரண்டாவது வீண் வேலை. பிழை 1040 வருவது நின்றது, உறைவது நிற்கவில்லை. ஒரு நன்மை உண்டு: இனி உறைந்திருக்கும்போதே உள்ளே போய்ப் பார்க்கலாம்.

புதன்கிழமை 4:10-க்கு அப்படித்தான் முதன்முறையாகப் பட்டியலைப் பார்த்தேன். கட்டளை ஷோ ஃபுல் பிராசஸ்லிஸ்ட். ஃபுல் என்ற சொல்லை விட்டால், நிரல் சர்வரிடம் கேட்கும் ஒவ்வொரு கேள்வியின் (க்வெரி) முதல் 100 எழுத்துகள்தான் தெரியும்; எங்கள் நிரலின் கேள்விகளில் வேண்டிய பகுதி அதற்குப் பிறகுதான் வரும். பிறர் இழைகளையும் பார்க்கப் பிராசஸ் என்ற உரிமை வேண்டும்.

த்ரெட் என்ற சொல்லை முதலாளியிடம் சொன்னதும் அவர் முகம் நூல் குடோன் பக்கம் திரும்பியது. திருப்பூரில் அந்தச் சொல்லுக்கு முதல் பொருள் அதுதான். அதனால் பின்னல் இயந்திரத்தை வைத்தே விளக்கினேன். ஒவ்வொரு இணைப்பும் சர்வருக்குள் ஓர் இழை. வட்டப் பின்னல் இயந்திரத்தில் ஓர் இழை அறுந்தால் இயந்திரம் நின்று, அந்த இடத்தில் விளக்கு எரியும். ஆள் நேராக அங்கே போவார். இந்தப் பட்டியல் அந்த விளக்குகள் மாதிரி என்றேன். சொன்னது பாதிதான் சரி. எங்கள் சிக்கலில் விளக்கு எரிந்த இடத்தில் எதுவும் அறுந்திருக்கவில்லை. அறுந்திருந்த இடத்தில் விளக்கு எரியவில்லை.

பட்டியலில் எண், பயனர், எந்தக் கணினி, எந்தத் தரவுத்தளம், கட்டளை, நேரம், நிலை, கேள்வி என்று எட்டு நெடுவரிசைகள். வேலை செய்யாமல் காத்திருக்கும் இழைக்குக் கட்டளை இடத்தில் ஸ்லீப் என்று இருக்கும். அறுபதுக்கும் மேல் ஸ்லீப் வரிசைகள் திரையை அடைத்ததால் அவற்றை நீக்கிவிட்டுப் பார்த்தேன். பலரும் பழகியிருக்கும் முறை இது. மிஞ்சியவை 22 இழைகள். எல்லாம் ஒரே கேள்வி: டி.சி.யின் கடைசி எண்ணை, வேறு யாரும் அதே நேரத்தில் எடுக்காதபடி, தொடர் எண் அட்டவணையிலிருந்து ஃபார் அப்டேட் என்று பூட்டி எடுப்பது. எல்லாவற்றுக்கும் நிலை ஸ்டாட்டிஸ்டிக்ஸ்.

அந்தச் சொல் என்னை ஒரு நாள் அலைக்கழித்தது. அட்டவணைகளின் புள்ளிவிவரம் பழசாகிவிட்டது, அதனால் சர்வர் வழி தேடித் திணறுகிறது என்று முடிவு கட்டினேன். இரவு பத்து மணிவரை இருந்து 41 அட்டவணைகளுக்கும் புள்ளிவிவரத்தைப் புதுப்பிக்கும் அனலைஸ் டேபிள் கட்டளையை ஓட்டினேன். மறுநாள் மாலை 4:05-க்கு அதே உறைவு.

உண்மை வேறு. முதன்மைச் சாவியை, அதாவது ஒரு வரிசையைத் தனித்து அடையாளம் காட்டும் மதிப்பை, சொல்லி ஒரே ஒரு வரிசையைக் கேட்கும்போது, எப்படித் தேடுவது என்று திட்டமிடும் கட்டத்திலேயே மைஎஸ்க்யூஎல் அந்த வரிசையைப் படித்துவிடுகிறது. வரிசை பூட்டியிருந்தால் அங்கேயே நிற்கிறது. நிலையில் அந்தக் கட்டத்தின் பெயரே எஞ்சுகிறது. அதாவது, ஃபார் அப்டேட் கேள்வி ஒன்று ஸ்டாட்டிஸ்டிக்ஸ் நிலையில் பல விநாடி நின்றால் முதலில் பூட்டைச் சந்தேகிக்க வேண்டும். அப்டேட் கேள்வி காத்திருந்தால் அப்டேட்டிங் என்று காட்டும். வேலை நடப்பதாகவே படும்.

வியாழக்கிழமை இன்னொன்றைக் கவனித்தேன். ஓடும் இழைகள் எத்தனை என்று காட்டும் த்ரெட்ஸ் ரன்னிங் எண் 23. அதில் ஒன்று இந்த எண்ணிக்கையைக் கேட்கும் என் சொந்த இழை. ஆனால் செயலியின் உழைப்பைக் காட்டும் டாப் கட்டளையில் செயலி 3 விழுக்காடுகூட ஓடவில்லை. இருபத்திரண்டு பேர் ஓடுவதாகச் சொல்லிக்கொண்டு எல்லோரும் நின்றுகொண்டிருக்கிறார்கள். பூட்டுக்குக் காத்திருப்பதையும் சர்வர் ஓட்டமாகவே எண்ணும். ரன்னிங் உயர்ந்து செயலி சும்மா இருந்தால், நினைவகக் கடைக்குப் போக வேண்டாம். முதல் நாளே இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் 2,100 ரூபாயும் நான்கு நாளும் மிஞ்சியிருக்கும்.

அன்றிரவு பத்து விநாடிக்கு ஒரு முறை பட்டியலை அப்படியே கோப்பில் எழுதும் சிறு ஸ்கிரிப்ட் போட்டேன். ஸ்லீப் வரிசைகளையும் சேர்த்து. வெள்ளி மாலை கோப்பைப் படித்தபோது, காத்திருந்த இழைகளில் எதுவும் 50 விநாடியைத் தாண்டவில்லை. இன்னோடிபி ஒரு வரிசைப் பூட்டுக்கு இயல்பாகக் காத்திருக்கும் உச்ச நேரம் 50 விநாடி. அதன்பின் காத்திருப்பு நேரம் முடிந்தது என்று பிழை 1205 தரும், நிரல் மறுபடி கேட்கும், மறுபடி 50. நேரம் அதிகமான இழையைத் தேடிக் கொல்வது என்ற வழக்கமான மருந்து இங்கே பாதிக்கப்பட்டவரையே தண்டிக்கும். புதன்கிழமை நான் அப்படிக் கொன்ற மூன்றும் டி.சி. கேட்டு நின்ற அப்பாவி இழைகள்.

பிறகுதான் சர்வர் தன்னைப் பற்றிய விவரங்களைக் காட்டும் இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவில் இருக்கும் இன்னோடிபி டிரக்ஸ் அட்டவணையைத் திறந்தேன். அந்த நொடியில் திறந்திருக்கும் பரிவர்த்தனைகள், அதாவது ஒன்றாகவே சேமிக்கவோ ஒன்றாகவே கைவிடவோ வேண்டிய வேலைத் தொகுப்புகள், எல்லாம் அதில் இருக்கும். லாக் வெயிட் நிலையில் 19. ரன்னிங் நிலையில் ஒன்றே ஒன்று. தொடங்கிய நேரம் 4:02. இழை எண் 2817. பட்டியலுக்குத் திரும்பி 2817-ஐத் தேடினேன். கட்டளை ஸ்லீப், நேரம் 1,146 விநாடி, நிலை காலி, கேள்வி காலி. மூன்று நாளாக நான் குப்பை என்று ஒதுக்கிய வரிசைகளுக்குள் அது இருந்திருக்கிறது. பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே பத்தொன்பது நிமிடம் எதுவும் கேட்காமல் இருந்த இழை.

அங்கே அவசரப்பட்டேன். முதலில் கில் க்வெரி 2817 கொடுத்தேன். எதுவும் நடக்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் கேள்வியைத்தான் அது நிறுத்தும். தூங்கும் இழையிடம் நிறுத்தக் கேள்வி ஏது? பரிவர்த்தனையும் பூட்டும் அப்படியே இருந்தன. பிறகு வெறும் கில் 2817. உடனே பட்டியல் கரைந்தது. வெளியே டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கத்தத் தொடங்கியது என் காதில் விழுந்தது.

மகிழ்ச்சி இரண்டு நிமிடம்தான். ஐபி முகவரி 37-இல் முடியும் கணினி எது என்று யாருக்கும் தெரியவில்லை. கணினி கணினியாகப் போய்ப் பார்த்து 25 நிமிடத்தில் கண்டுபிடித்தேன்: மூன்றாவது எடை மேசை. அங்கே எடை போடும் அக்கா திரையைப் பார்த்தபடி நின்றிருந்தார். “31 ரோல் எடை போட்டிருந்தேன் கண்ணு. எல்லாம் போய்விட்டது.” நான் கொன்ற இழையோடு அவருடைய 31 எடைகளும் திரும்பப் பெறப்பட்டுவிட்டன. ஒவ்வொரு ரோலும் இருபது கிலோவுக்கு மேல். நானும் ஒரு கை பிடித்து அத்தனையையும் மறுபடி தராசில் ஏற்றி இறக்கினோம். 40 நிமிடம் ஆனது. கில் என்று அடிப்பதற்கு முன் அந்த இழைக்கு அந்தப் பக்கம் யார் நிற்கிறார் என்று போய்ப் பார்ப்பது என் கடமை. அதை அன்று செய்யவில்லை.

இன்னொரு இழப்பும் உண்டு. இழை இறந்தால், சர்வர் தன் ஓட்டத்தைக் குறித்துவைக்கும் பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமாவில் இருக்கும் அதன் கேள்வி வரலாறும் அதோடு போய்விடும். 2817 கடைசியாக என்ன கேட்டது என்பதைப் பார்க்க வழியில்லாமல் நானே அழித்துவிட்டேன்.

5:40-க்கு மறுபடி நின்றபோது கையைக் கட்டிக்கொண்டேன். இந்த முறை சிஸ் தரவுத்தளத்தின் இன்னோடிபி லாக் வெயிட்ஸ் பார்வையைப் பயன்படுத்தினேன். காத்திருக்கும் இழை எது, தடுக்கும் இழை எது என்று ஒரே வரியில் சொல்கிறது. தடுப்பது 2960. தடுக்கும் கேள்வி என்ற இடம் காலி. தூங்கும் இழைக்கு அப்படித்தான் இருக்கும். வரலாற்று அட்டவணையில் 2960 என்று தேடினால் சம்பந்தமே இல்லாத கணக்குப் பிரிவுக் கேள்விகள் வந்தன. பத்து நிமிடம் குழம்பிய பிறகு விளங்கியது: பட்டியலில் இருக்கும் எண் வேறு, பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமா உள்ளே வைத்திருக்கும் இழை எண் வேறு. த்ரெட்ஸ் அட்டவணையில் முதல் எண்ணைக் கொடுத்து இரண்டாவதை எடுக்க வேண்டும். எடுத்துப் பார்த்ததும் எல்லாம் வரிசையாக நின்றது. பரிவர்த்தனை தொடக்கம், கடைசி எண்ணை ஃபார் அப்டேட்டில் எடுத்தல், பிறகு ரோல் எடைப் பதிவுகள் ஐந்து. ஓர் இழைக்குக் கடைசிப் பத்துக் கேள்விகள்தான் அங்கே தங்கும். ஐந்து ரோலோடு நின்றதால் முதல் கேள்வி தப்பியது. முப்பது ரோல் ஆகியிருந்தால் பூட்டிய கேள்வி தள்ளப்பட்டுப் போயிருக்கும்.

இந்த முறை நடந்தே போனேன், கொல்லவில்லை. இரண்டாவது எடை மேசை. ரோல் ஏற்றும் தம்பி இன்னொரு வண்டிக்கு இறக்கப் போயிருந்தார். எடை போடுபவர் அவருக்காகக் காத்திருந்தார். புதிய டி.சி. என்ற பொத்தானை அழுத்தியதுமே நிரல் எண்ணைப் பூட்டிக்கொள்கிறது. கடைசி ரோல் எடை போட்டுச் சேமிக்கும்வரை விடுவதில்லை. மற்ற நேரத்தில் இரண்டு மூன்று நிமிட வேலை. எல்லோரும் கொஞ்சம் மெதுவாக இருக்கிறது என்று பொறுத்துக்கொள்வார்கள். நான்கு மணி டீ நேரத்தில் அது இருபது நிமிடம் ஆகிறது. அந்த அக்காவின் மீதோ தம்பியின் மீதோ இதில் எள்ளளவும் குற்றமில்லை. மனிதர்கள் டீ குடிக்கப் போவார்கள் என்பதை நிரல் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

நிரல் எழுதியவரை அன்றிரவே கூப்பிட்டேன். பதிவுகளைப் படித்துக் காட்டியதும் ஒப்புக்கொண்டார். சனிக்கிழமை காலை வந்து, எடைகளைத் தனி வரைவு அட்டவணையில் உடனுக்குடன் சேமிக்கவும், தொடர் எண்ணைச் சேமிக்கும் பொத்தானில் மட்டும் எடுக்கவும் மாற்றினார். அரை நாள் வேலை, 2,500 ரூபாய். இனி கணினி அணைந்தாலும் போட்ட எடை போகாது. எனக்கு அதுதான் பெரிய நிறைவு.

அவர் அந்த வேலையில் இருந்தபோது நான் வெயிட் டைம்அவுட்டை, அதாவது சும்மா இருக்கும் இணைப்பை சர்வர் அறுக்கும் கெடுவை, குறைத்தேன். இயல்பாக 28,800 விநாடி, அதாவது எட்டு மணி நேரம். 120 ஆக்கினேன். எதுவும் மாறவில்லை, பொதுவில் மாற்றும் மதிப்பு புதிதாக வரும் இணைப்புகளுக்குத்தான் பொருந்தும். எல்லாக் கணினியிலும் நிரலை மூடித் திறக்கச் சொன்னேன். அதன்பின் இரண்டு நிமிடம் சும்மா இருந்த டி.சி. திரைகள் எல்லாம் சர்வர் போய்விட்டது என்று பிழை 2006 காட்டி அறுந்தன. 900-க்கு ஏற்றியதும் நின்றது. செட் பெர்சிஸ்ட் என்று கொடுத்ததால் மறுதொடக்கத்திலும் மதிப்பு நிலைக்கும்.

ரூட் பெயரை எல்லாக் கணினியிலிருந்தும் எடுத்தேன். எடை1, எடை2, கேட், கணக்கு என்று இடத்துக்கு ஒரு பயனர். பைசா செலவில்லை, மூன்று மணி நேரம் பிடித்தது. இப்போது பட்டியலின் பயனர் நெடுவரிசையைப் பார்த்தாலே எந்த மேசைக்கு நடக்க வேண்டும் என்று தெரிகிறது. கணினிகளின் முகப்பில் ஐபி எண் எழுதிய ஒட்டுத்தாளும் உண்டு, 60 ரூபாய். நிர்வாகத்துக்கென்று தனி வாசலும் திறந்தேன். 8.0.14 பதிப்பிலிருந்து இருக்கும் வசதி. 33062 என்ற போர்ட்டில் தனி முகவரி கொடுத்தால், மற்ற இணைப்புகள் நிரம்பி வழிந்தாலும் நான் உள்ளே போகலாம். இணைப்பு உச்சத்தை 500-இலிருந்து 200-க்கு இறக்கினேன். கசிவு இருந்தால் சீக்கிரம் தெரிய வேண்டும்.

ஸ்கிரிப்டை எடுக்கவில்லை, மாற்றினேன். இப்போது முழுப் பட்டியலை எழுதாமல், 30 விநாடிக்கு மேல் பரிவர்த்தனையைத் திறந்துவைத்துத் தூங்கும் இழை இருந்தால் மட்டும் அதன் பயனர் பெயரையும் கடைசிப் பத்துக் கேள்விகளையும் கோப்பில் போட்டு, என் கைபேசிக்கு ஒரு செய்தி அனுப்பும். தானாகக் கொல்லும் வரியை வேண்டுமென்றே எழுதவில்லை. அந்த 31 ரோல் இன்னும் தோளில் இருக்கிறது.

நேற்று மூன்று மணி நேரத்தில் த்ரெட்ஸ் ரன்னிங் 4-ஐத் தாண்டவில்லை. வரிசைப் பூட்டுக்கு நீண்ட நேரம் காத்திருந்தது எவ்வளவு என்று காட்டும் எண் 310 மில்லிவிநாடி. வெள்ளிக்கிழமை அது 51,000-ஐத் தொட்டிருந்தது.

வழி தெளிந்ததும் பட்டியலின் உச்சியில் வேறொரு இழை தெரிகிறது. கணக்குப் பிரிவின் வாராந்திர நிலுவை அறிக்கை. நேற்று 6:20-க்கு 340 விநாடி ஓடியது. பூட்டு எதுவும் பிடிக்கவில்லை, ஆனால் சலான் அட்டவணையை முழுதாகப் படிக்கிறது. வாடிக்கையாளர் பெயரும் தேதியும் சேர்ந்த, தேடலை விரைவாக்கும் ஒரு குறியீடு (இண்டெக்ஸ்) அதற்கு வேண்டும். அடுத்த ஞாயிறு, யூனிட் விடுமுறையில், காலை பத்து மணிக்குப் போகிறேன்.